ஒரு வரி பேட்ச், 47 நாள் அலைச்சல்: லினக்ஸ் டிரைவர் பிழையைத் திருத்தி அனுப்ப ஒரு வழிகாட்டி

என் லேப்டாப்பில் ஹெட்செட்டைச் செருகினால் பாட்டு கேட்கும், மைக் மட்டும் ஊமை. காலை மீட்டிங்கில் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் ஐந்தாறு பேர் "மியூட்ல இருக்கீங்க" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். அதே ஹெட்செட் விண்டோஸில் ஒழுங்காகப் பேசியது. கடைசியில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில், ஒலிச் சாதனத்தை இயக்கும் டிரைவரில் ஒரே ஒரு வரி சேர்த்ததும் சரியானது.

அந்த ஒரு வரித் திருத்தம் (பேட்ச் என்பார்கள்) கர்னலுக்குள் போய்ச் சேர 47 நாள் ஆனது. பிழையைக் கண்டுபிடிக்க 7 நாள், அலுவலக அனுமதிக்கு 16 நாள், தவறான மெயிலில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது 9 நாள், இரண்டாம் முறை அனுப்பி அது ஏற்கப்பட 15 நாள். இதில் கோட் எழுதிய நேரம் அரை மணிகூட இருக்காது. சரியான வரிசையில் செய்திருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரியும் சனி ஞாயிறும் மட்டுமே கையில் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். கல்லூரியில் படித்த சி மொழி பாதி ஞாபகம் இருந்தாலே போதும். கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. முதலில் பிழை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

உங்கள் உபுண்டுவிலோ மின்ட்டிலோ ஓடும் கர்னல் பெரும்பாலும் சில மாதம் பழையது. கர்னலின் புதிய பதிப்பு 9 அல்லது 10 வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிழையை யாராவது போன மாதமே தீர்த்திருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளக் கம்பைல் எதுவும் தேவையில்லை. ஃபெடோரா லினக்ஸின் ராஹைட் என்ற சோதனைப் பதிப்பை ஒரு பென் டிரைவில் எழுதி, லேப்டாப்பில் எதையும் நிறுவாமல் லைவாக பூட் செய்து பாருங்கள். அதில் கிட்டத்தட்ட அன்றைய கர்னலே இருக்கும். மைக் அதில் வேலை செய்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. கர்னலை அப்டேட் செய்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் பொருளைச் சந்தேகியுங்கள். என் அறைத்தோழன் கரூர்க்காரன், என்னைவிட நான்கு வயது சின்னவன். "அண்ணா, மொதல்ல ஹெட்செட்ட மாத்திப் பாருங்க, அப்புறம் கர்னல திட்டலாம்" என்றான். சனிக்கிழமை மெட்ரோவில் சிக்பேட்டையில் இறங்கி எஸ்.பி. ரோடு போனேன். கடைக்காரர் ஒரு ஹெட்செட்டை எடுத்து அதன் பின்னைக் காட்டினார். உலோகப் பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் அது வெறும் ஹெட்ஃபோன். மூன்று வளையம் இருந்தால்தான் அதில் மைக்குக்கும் இணைப்பு உண்டு. 150 ரூபாய் கொடுத்து மூன்று வளையம் உள்ளதை வாங்கி வந்து செருகினேன். அதிலும் மைக் ஊமை. பிரச்சினை ஹெட்செட்டில் இல்லை என்பதற்கு 150 ரூபாய் சாட்சி கிடைத்தது. நீங்களும் போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

2. ஆதாரங்களை ஒரே ஃபோல்டரில் சேருங்கள்

ஆதார், பான் எல்லாம் யாரும் கேட்கப்போவதில்லை. இங்கே ஆவணம் என்றால் உங்கள் கணினி சொல்லும் வாக்குமூலம். பிழை நடந்தவுடன் இவற்றை எடுத்து வையுங்கள்:

யூநேம் கட்டளை தரும் கர்னல் பதிப்பு. டிமெஸ்ஜி கட்டளை தரும் முழு லாக் (கர்னல் எழுதிவைக்கும் குறிப்புகள்); நடுவில் வெட்டாமல், பூட் ஆனதிலிருந்து. கணினி தொங்கிப்போய் ரீஸ்டார்ட் செய்ய வேண்டி வந்திருந்தால், ஜர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தைய பூட்டின் கர்னல் லாக்கைக் கேட்டு வாங்கலாம். எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற விருப்பத்தோடு ஓட்டினால் எந்தச் சாதனத்தை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று தெரியும். யூஎஸ்பி சாதனம் என்றால் எல்எஸ்யூஎஸ்பி.

ஒலிச் சிக்கலுக்கு இன்னொன்று முக்கியம். ப்ராக் அடைவுக்குள் அசவுண்ட் என்ற அடைவில் ஒவ்வொரு ஒலி கார்டுக்கும் கோடெக் (ஒலியைக் கையாளும் சிப்) கோப்பு இருக்கும். அதன் தலைப்பகுதியில் 'சப்சிஸ்டம் ஐடி' என்று ஒரு பதினாறடிமான எண் வரும். முதல் பாதி லேப்டாப் தயாரிப்பாளரையும் பின்பாதி மாடலையும் காட்டும். கடைசியில் எனக்குத் தேவைப்பட்டது இந்த எண்தான். ஏழு நாள் கழித்துத்தான் இதைப் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்கலாம்.

ஒரு பொறி: ப்ராக் அடைவில் சிஸ், கர்னல் என்று போய் 'டெய்ன்டட்' கோப்பைத் திறந்து பாருங்கள். 0 என்று இருக்க வேண்டும். தனியுரிம கிராஃபிக்ஸ் டிரைவரோ, வெளியிலிருந்து கொண்டுவந்த வேறு மாட்யூலோ (கர்னலில் தனியாக ஏற்றும் துண்டு) ஏற்றியிருந்தால் வேறு எண் காட்டும். அந்த நிலையில் எடுத்த லாக்கை அனுப்பினால், "அதைக் கழற்றிவிட்டு மறுபடி எடுங்கள்" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். ஒரு வாரம் போச்சு.

3. கம்பைல் செய்யாமலே தீர்வைச் சோதித்துப் பாருங்கள்

இதைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள், நானும் ஒருவன். பல டிரைவர்களில் சோதனைக்கென்றே மாட்யூல் விருப்பங்கள் உண்டு. மோட்இன்ஃபோ கட்டளையில் டிரைவர் பெயரைக் கொடுத்தால் அவை பட்டியலாக வரும்.

லேப்டாப் ஒலியைப் பொறுத்தவரை நடப்பது இதுதான். ஒரே கோடெக் சிப்பை நூறு விதமான லேப்டாப்புகளில் நூறு விதமாக வயர் செய்திருப்பார்கள். எந்த முள்ளில் மைக், எந்த முள்ளில் ஸ்பீக்கர் என்று பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) சொல்ல வேண்டும். பல சமயம் தப்பாகச் சொல்லும், அல்லது சொல்லவே சொல்லாது. அதனால் டிரைவருக்குள் ஒரு நீண்ட அட்டவணை இருக்கிறது: இந்த சப்சிஸ்டம் ஐடி வந்தால் இந்தத் திருத்தத்தைப் போடு என்று வரிக்கு ஒரு லேப்டாப். இதை 'குவிர்க்' என்கிறார்கள். உங்கள் லேப்டாப்பின் எண் அந்த அட்டவணையில் இல்லை என்பதே பாதி நேரம் பிழை.

ஈடிசி அடைவில் மோட்ப்ரோப்.டி என்ற அடைவுக்குள் ஒரு கோப்பு உண்டாக்கி, ஒலி மாட்யூலுக்கு 'மாடல்' என்ற விருப்பத்தை ஒரு வரியில் எழுதி ரீபூட் செய்தால், அட்டவணையில் ஏற்கெனவே உள்ள ஒரு திருத்தத்தை உங்கள் லேப்டாப்பில் வலுக்கட்டாயமாகப் போட்டுப் பார்க்கலாம். எந்தெந்த மாடல் பெயர்கள் உண்டு என்பது கர்னலின் ஆவணங்களிலேயே இருக்கிறது. உங்கள் தயாரிப்பாளரின் பக்கத்து மாடல்களுக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து அதிலிருந்து தொடங்குங்கள். எனக்கு நான்காவது பெயரில் மைக் பேசியது. ராத்திரி பதினொன்றரைக்கு "ஹலோ ஹலோ" என்று நான் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டினார்.

வேலை செய்த பெயரைக் குறித்து வையுங்கள். அந்த வரி உள்ள கோப்பையும் ஞாபகத்தில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

4. அலுவலக அனுமதியை முதல் நாளே கேளுங்கள்

இதை நான்காவதாக எழுதியிருக்கிறேன். செய்ய வேண்டியது முதலாவதாக.

ஒவ்வொரு கர்னல் பேட்ச்சின் கடைசியிலும் 'சைன்ட் ஆஃப் பை' என்று உங்கள் பெயரும் மெயிலும் இருக்க வேண்டும். அது அலங்காரக் கையெழுத்து இல்லை. 2004 முதல் நடைமுறையில் உள்ள 'டெவலப்பர்ஸ் சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்' என்ற உறுதிமொழி அது: இந்தக் கோட் என்னுடையது, இதைக் கர்னலின் ஜிபிஎல் 2 என்ற திறமூல உரிமத்தில் கொடுக்க எனக்கு உரிமை உண்டு. ஒரு பக்கம்கூட வராது, படித்துவிட்டே போடுங்கள். தனியாக ஒப்பந்தம், முத்திரைத்தாள், கட்டணம் எதுவும் கிடையாது.

"எனக்கு உரிமை உண்டு" என்பதில்தான் நம் கழுத்து மாட்டுகிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வேலையின் பகுதியாக ஊழியர் எழுதுவதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். "நான் வீட்டில், என் சொந்த லேப்டாப்பில் எழுதினேன்" என்று சொல்லலாம். ஆனால் ஐடி நிறுவனங்களின் ஆஃபர் லெட்டரும் அதோடு நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட 12 பக்கமும் அதையும் தாண்டிப் போகக்கூடும். எடுத்துப் படியுங்கள். 'அறிவுசார் சொத்து', 'இதர பணிகள்' என்ற தலைப்புகளைப் பாருங்கள்.

கேட்க வேண்டியது ஒரு மெயில்தான். மேலாளருக்கு எழுதி, திறமூலப் பங்களிப்பைக் கவனிக்கும் குழு இருந்தால் அவர்களையும் சேருங்கள். நான்கு விஷயம் இருக்கட்டும்: எந்தத் திட்டம், எந்த உரிமம், சொந்த நேரமும் சொந்தக் கருவியுமா, எந்த மெயில் முகவரியிலிருந்து போகும். பதிலைப் பிடிஎஃப்பாகச் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வாயால் கேட்டு, வாயால் "பண்ணிக்கோ" வாங்கி, பிறகு எழுத்தில் கேட்டபோது அது மூன்று மேசை சுற்றியது. 16 நாள். மற்ற வேலைகளை அந்த நேரத்தில் செய்திருக்கலாம், எனக்குத்தான் தோன்றவில்லை.

அலுவலக லேப்டாப்பில் எதையும் செய்யாதீர்கள். கர்னல் மாற்றுவதை விடுங்கள், பயாஸைத் தொட்டாலே ஐடி குழுவுக்கு எச்சரிக்கை போகும் இடங்கள் உண்டு.

5. செலவுக் கணக்கு

கர்னலுக்குப் பங்களிக்க யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். "கர்னல் காண்ட்ரிபியூஷன் சர்ட்டிஃபிகேட்" என்று கட்டணம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள். அடிப்படை வேண்டுமென்றால் லினக்ஸ் ஃபவுண்டேஷன் எல்எஃப்டி103 என்ற ஆரம்பப் பாடத்தை இலவசமாகவே தருகிறது.

எனக்கு ஆனது: ஹெட்செட் 150, பென் டிரைவ் 400, பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டது சுமார் 3,200. எஸ்எஸ்டி கட்டாயமில்லை, ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் கர்னல் கம்பைல் செய்வது சில்க் போர்டு சிக்னலில் சாயங்காலம் ஆறரைக்கு நிற்பது மாதிரி. இடம் குறைந்தது 30 ஜிபி காலியாக வையுங்கள். பிஜியில் இருப்பவர்கள் கர்னலின் மூலக் கோட் முழுவதையும் மாற்ற வரலாற்றோடு கிட் க்ளோன் (நகலிறக்கம்) செய்யும்போது பல ஜிபி இறங்கும் என்பதை மனதில் வைத்துப் பின்னிரவில் போடுங்கள். அவசரமென்றால் டெப்த் 1 என்று கொடுத்து மேலோட்டமாக இறக்கலாம். ஆனால் பழைய கமிட்டுகளை (பதிவான மாற்றங்களை) தேடுவதற்கு அது உதவாது.

6. கம்பைல்: இங்கேதான் பெரும்பாலானோர் பாதியில் விடுகிறார்கள்

ஒலித் திருத்தம் என்றால், அல்சா எனப்படும் கர்னலின் ஒலிப் பிரிவைக் கவனிக்கும் பராமரிப்பாளரின் கிட் மரத்திலிருந்து (அவருடைய கோட் களஞ்சியம்) எடுப்பது நல்லது. எந்த மரம் என்று கர்னலோடு வரும் மெயின்டெய்னர்ஸ் கோப்பிலேயே 'டி' என்ற எழுத்தில் தொடங்கும் வரி சொல்லும்.

உங்கள் விநியோகத்தின் (உபுண்டுவோ மின்ட்டோ) கான்ஃபிக் கோப்பை பூட் அடைவிலிருந்து நகலெடுத்து, பிறகு 'மேக் லோக்கல்மோட்கான்ஃபிக்' ஓட்டுங்கள். இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஆயிரக்கணக்கானவற்றை அது கழித்துவிடும். என் நான்கு கோர் லேப்டாப்பில் முழு கான்ஃபிக் இரண்டரை மணி நேரம் ஓடியது. இப்படிக் குறைத்த பிறகு 25 நிமிடம். ஒரு எச்சரிக்கை: அந்தக் கட்டளையை ஓட்டும் முன் ஹெட்செட், பென் டிரைவ், வைஃபை, பிரிண்டர் என்று நீங்கள் பயன்படுத்தும் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிடுங்கள். செருகாததன் டிரைவர் புதிய கர்னலில் இருக்காது. என் பென் டிரைவ் அப்படித்தான் காணாமல் போனது.

உபுண்டு கான்ஃபிக்கில் ஒரு கண்ணிவெடி உண்டு. 'கனோனிகல் சர்ட்ஸ்' என்று ஒரு கோப்பைத் தேடி, கிடைக்காமல், கம்பைல் நின்றுவிடும். கர்னலோடு வரும் ஸ்கிரிப்ட்ஸ் அடைவிலுள்ள கான்ஃபிக் கருவியால் 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்', 'சிஸ்டம் ரிவொகேஷன் கீஸ்' இரண்டையும் அணைத்துவிட்டால் தீர்ந்தது. டீபக் இன்ஃபோவையும் (பிழை தேட உதவும் கூடுதல் தகவல்) அணையுங்கள், நேரமும் இடமும் மிச்சம். அணைக்காமல் மாட்யூல்களை நிறுவினால் அவை ஊதிப்போய் பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிடும். நிறுவும்போது 'இன்ஸ்டால் மோட் ஸ்ட்ரிப்' என்ற மாறியை 1 என்று கொடுத்தால் அதுவும் அடங்கும்.

நடுவில் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். மேக் விட்ட இடத்திலிருந்து தொடரும். மே மாத மழையில் எங்கள் தெருவில் அது மூன்று முறை நடந்தது.

இப்போது என் பெரிய சொதப்பல். நாமே கம்பைல் செய்த கர்னலில் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) ஏற்றுக்கொள்ளும் கையொப்பம் இருக்காது. ஆகவே பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்தேன். லினக்ஸ் வந்தது. மறுநாள் விண்டோஸுக்குள் போனால் நீலத் திரை: வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர், ரெக்கவரி கீயைக் கொடு என்கிறது, 48 இலக்கம். அந்த லேப்டாப்பை முதலில் அமைத்தது ஊரில் இருக்கும் என் அக்கா. கீ அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில். திருநெல்வேலிக்கு போன் போட்டு, அவள் ஆறு ஆறு இலக்கமாக வாசிக்க, நான் தட்டினேன். "என்னலே பண்ணித் தொலைச்ச?" என்றுதான் ஒவ்வொரு ஆறுக்கும் நடுவில். இரட்டை பூட் வைத்திருப்பவர்கள், செக்யூர் பூட்டைத் தொடும் முன்னால் அந்தக் கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாளில். அதே லேப்டாப்பில் சேமித்து வைத்துப் புண்ணியமில்லை.

பழைய கர்னலை நீக்கிவிடாதீர்கள். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் அது இருக்கும் வரை எந்தச் சொதப்பலிலிருந்தும் திரும்பி வரலாம்.

7. திருத்தமும் கமிட் செய்தியும்

என் திருத்தம் அட்டவணையில் ஒரு வரி. அந்த ஒரு வரியிலேயே ஒரு தவறு செய்தேன்: கடைசியில் போய் ஒட்டினேன். அட்டவணை எண் வரிசையில் இருக்கிறது. உங்கள் எண் எங்கே விழுமோ அங்கேதான் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. 2025இல் 6.17 வந்தபோது இந்த டிரைவர் கோப்புகள் பிசிஐ அடைவின் கீழிருந்து வேறு அடைவுக்கு மாறி, பல துண்டாகவும் பிரிந்துவிட்டன. பழைய வலைக்குறிப்புகள் சொல்லும் பாதையில் தேடினால் கோப்பே இருக்காது. சப்சிஸ்டம் ஐடியின் முதல் பாதியைக் கொடுத்து கிட் கிரெப் (கோப்புகளுக்குள் தேடும் கட்டளை) செய்யுங்கள், இருக்கும் இடம் தானே வரும்.

கமிட் செய்தி எழுதும் முன் அதே கோப்பின் கிட் லாக்கில் கடைசி இருபது தலைப்புகளைப் படியுங்கள். ஒவ்வொரு துணைப்பிரிவுக்கும் ஒரு முன்னொட்டு வழக்கம் உண்டு, அதையே பின்பற்றுங்கள். தலைப்பு "திருத்தினேன்" என்று இருக்கக் கூடாது, "திருத்து" என்று கட்டளையாக இருக்க வேண்டும். உடலில் மூன்று கேள்விக்குப் பதில் போதும்: பயனருக்கு என்ன கஷ்டம், ஏன் வருகிறது, இந்த வரி எப்படித் தீர்க்கிறது. வரி 75 எழுத்துக்குள்.

பிழையை உண்டாக்கிய பழைய கமிட் தெரிந்தால் 'ஃபிக்ஸஸ்' என்ற குறியோடு அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளையும் தலைப்பையும் கொடுங்கள். முன்பு வேலை செய்து புதிய பதிப்பில் கெட்டுப்போன பிழை என்றால் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் அந்தக் கமிட்டைக் காட்டிக்கொடுக்கும்: இரண்டு பதிப்புகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டாயிரம் கமிட் இருந்தாலும் 13, 14 கம்பைலில் முடிந்துவிடும். ஒன்றுக்கு 25 நிமிடம் என்றால் ஒரு ஞாயிறு. பழைய நிலையான பதிப்புகளுக்கும் போக வேண்டுமென்றால் ஸ்டேபிள் முகவரிக்கு 'சிசி' குறி ஒன்றை சைன்ட் ஆஃப் பை வரிக்குப் பக்கத்தில் சேருங்கள்.

பெயர் விஷயம் நமக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, சம்பளச் சீட்டில் ஒரு மாதிரி, இனிஷியல் முன்னால் சில இடத்தில், அப்பா பெயர் பின்னால் சில இடத்தில். கர்னல்காரர்கள் எதையும் சரிபார்க்கப்போவதில்லை. பெயரற்ற பங்களிப்பு மட்டும் கூடாது. ஆனால் ஃப்ரம் வரியிலும் சைன்ட் ஆஃப் பை வரியிலும் ஓர் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். கிட் கான்ஃபிக்கில் ஒரு வடிவத்தை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். ஆயுளுக்கும் வரலாற்றில் நிற்கப்போகிற பெயர்.

எல்லாம் முடிந்ததும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள். டேப்புக்குப் பதில் இடைவெளி, பெயர் பொருந்தாமை, நீண்ட வரி எல்லாவற்றையும் அது பிடிக்கும்.

8. யாருக்கு, எப்போது

கெட்-மெயின்டெய்னர் என்ற ஸ்கிரிப்ட்டுக்கு உங்கள் பேட்ச்சைக் கொடுத்தால் யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று பட்டியல் தரும். பராமரிப்பாளர் 'டூ'வில், குழு முகவரிகள் 'சிசி'யில். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு நேரே அனுப்பாதீர்கள். முதல்வருக்கு மனு போட்டால் சீக்கிரம் நடக்கும் என்கிற கணக்கு இங்கே செல்லாது.

நேரம் முக்கியம். புதிய பதிப்பு வந்ததும் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ (அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் காலம்). அப்போது பராமரிப்பாளர்கள் தலைக்கு மேல் வேலையில் இருப்பார்கள். பிறகு ஆர்சி எனப்படும் சோதனை வெளியீடுகள், ஆர்சி1 தொடங்கி வாரம் ஒன்றாக ஆர்சி7 வரை, சில நேரம் ஆர்சி8. ஆர்சிகள் அமெரிக்க ஞாயிற்றுக்கிழமையில் வெளியாகும், பெரும்பாலும் நமக்குத் திங்கள் விடிகாலை. சின்னப் பிழைத் திருத்தத்துக்கு ஆர்சி1 முதல் ஆர்சி5 வரையான காலம் தோது. பராமரிப்பாளர்கள் பலர் ஐரோப்பாவில். பெங்களூர் நேரம் மதியம் இரண்டு மணிவாக்கில் அனுப்பினால் அவர்களுக்குக் காலை.

9. மெயில்: என் 9 நாள் போன இடம்

பேட்ச் மெயிலில்தான் போக வேண்டும். இணைப்பாக அல்ல, மெயிலின் உடலிலேயே, அலங்காரமில்லாத வெறும் எழுத்தாக. ஹெச்டிஎம்எல் மெயிலை, கர்னலின் மெயில் குழுக்களை நடத்தும் விகர் சர்வர் வாங்கவே வாங்காது.

நான் அனுமதிக் கடிதத்தில் சொன்னபடி அலுவலக முகவரியிலிருந்து அனுப்பினேன். சர்வர் தானாகவே கீழே ஐந்து வரி ஒட்டியிருக்கிறது: "இந்த மெயில் ரகசியமானது, உரியவர் அல்லாதவர் படித்தால் அழித்துவிடவும்." உலகத்துக்கே திறந்த கோட் ஒன்றை அனுப்பிவிட்டு, கீழே இப்படி. யாரும் பதில் போடவில்லை. ஏன் போடுவார்கள்?

வழி இதுதான். ஜிமெயிலில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்று உருவாக்குங்கள். கிட் சென்ட்-ஈமெயிலுக்கு ஜிமெயிலின் எஸ்எம்டிபி முகவரி, போர்ட் 587, டிஎல்எஸ், அந்தப் பாஸ்வேர்டு ஆகியவற்றைக் கொடுங்கள். அலுவலகப் பெயரில்தான் போக வேண்டுமென்றால் கமிட்டின் ஆசிரியராக அலுவலக முகவரியை வைத்துக்கொண்டு ஜிமெயிலிலிருந்து அனுப்புங்கள்; கிட் தானாகவே உடலின் முதல் வரியாக ஃப்ரம் என்று அலுவலக முகவரியைச் சேர்த்துவிடும். சில அலுவலக வைஃபைகளில் 587 அடைத்திருக்கும், வீட்டிலிருந்து அனுப்புங்கள்.

முதல் மெயிலை உங்களுக்கே அனுப்புங்கள். வந்ததைச் சேமித்து, கிட் ஏஎம் கட்டளையால் வேறொரு கிளையில் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் மட்டும் உண்மையான முகவரிக்கு. எஸ்எம்டிபியோடு மல்லுக்கட்ட முடியாதவர்களுக்கு 'பி4' என்ற கருவி இருக்கிறது, அது கர்னல்.ஆர்க் வழியாக அனுப்பித் தரும்.

"ரெஸ்பெக்டட் சார்", "ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்" எல்லாம் வேண்டாம். நம் பள்ளிக்கூட லீவ் லெட்டர் பழக்கம் அங்கே கமிட் செய்திக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், வரலாற்றில் நிரந்தரமாக.

10. பதில் வரும்போது

எனக்கு வந்த முதல் பதில் ஒன்றரை வரி: வரிசையில் போடு, தலைப்பில் மாடல் பெயர் எங்கே? வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. அரை மணி நேரம் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, ஒரு நாளில் அத்தனை பேட்ச் பார்ப்பவர் ஒன்றரை வரி எழுதியதே மரியாதை.

கேள்விக்குக் கீழேயே பதில் எழுதுங்கள், மேலே வேண்டாம். இரண்டாம் பதிப்பை 'வி2' என்று குறித்து, பேட்ச்சில் வரும் '---' என்ற மூன்று கோடுகளுக்குக் கீழே என்ன மாற்றினேன் என்று எழுதுங்கள். அங்கே எழுதுவது கமிட்டில் பதியாது. கருத்து வந்த பத்தாவது நிமிடமே வி2 அனுப்பாதீர்கள். நெட்வொர்க் பிரிவில் 24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது எழுதிவைத்த விதி. மற்ற இடங்களிலும் அது நல்ல பழக்கம். பதிலே இல்லையென்றால் குறைந்தது ஒரு வாரம் காத்திருந்து ஒரு வரியில் நினைவூட்டுங்கள். மெர்ஜ் விண்டோ நடந்தால் அது முடியும் வரை பொறுங்கள்.

கர்னல் டெஸ்ட் ரோபோ என்ற பெயரில் ஒரு மெயில் வரலாம். ஆள் இல்லை, தானியங்கி. உங்கள் பேட்ச்சைப் பல கட்டமைப்புகளில் கம்பைல் செய்து எச்சரிக்கை வந்தால் எழுதும். திருத்தி வி2 அனுப்புங்கள். அந்த மெயிலில் 'ரிப்போர்ட்டட் பை' வரியைச் சேர்க்கச் சொல்லியிருப்பதைத் தனிப் பேட்ச்சாகத் திருத்தும்போதுதான் சேர்க்க வேண்டும், வி2வில் அல்ல. இதை அந்த மெயிலே சொல்கிறது, நான்தான் படிக்கவில்லை.

11. ஏற்றுக்கொண்ட பிறகு

"அப்ளைட்" என்று ஒரு சொல் வரும். அதுதான் சான்றிதழ். அதன்பின் பேட்ச் பராமரிப்பாளரின் மரத்திலிருந்து லினஸின் மரத்துக்குப் போகும். பிழைத் திருத்தம் என்றால் அடுத்தடுத்த ஆர்சிகளில் சேர்ந்துவிடும். லினஸின் மரத்தில் சேர்ந்த பிறகுதான் ஸ்டேபிள் பதிப்புகளுக்கு எடுப்பார்கள். கோப்புகள் இடம் மாறியதால் பழைய பதிப்பில் பொருந்தவில்லை என்று 'ஃபெயில்ட்' என்ற தலைப்பில் மெயில் வந்தால் திட்டு அல்ல. பழைய பாதைக்கேற்ப மாற்றி நீங்களே அனுப்பலாம் என்று பொருள். எனக்கு 6.12க்கு அப்படி வந்தது, ஒரு மாலையில் முடிந்தது.

ஸ்டேபிளிலிருந்து உங்கள் விநியோகத்துக்கு வர இன்னும் சில வாரம். ஒரு நாள் வழக்கமான அப்டேட்டில் சத்தமில்லாமல் வந்து இறங்கும். அன்று மோட்ப்ரோப்.டி அடைவில் மூன்றாம் படியில் எழுதிய அந்தக் கோப்பை நீக்கிவிட்டு ரீபூட் செய்து மைக்கைச் சோதியுங்கள். நீக்காமல் விட்டால், பேசுவது உங்கள் பேட்ச்சா பழைய ஒட்டுப்போடலா என்று தெரியாது. பயாஸில் அணைத்து வைத்த செக்யூர் பூட்டையும் திரும்பப் போடுங்கள். அந்த 48 இலக்கத் தாள் பக்கத்திலேயே இருக்கட்டும்.